உப்புப் பார்க்க ஓர் ஆள்

யாழ்ப்பாணம், சோனகதெரு. ரமழான் மாதத்துப் பின்னேரம். பயணத்தில் இருப்பவர் நோன்பை விட்டுவிடச் சலுகை உண்டு. அதனால் நான் இன்று நோன்பு பிடிக்கவில்லை. ஆனாலும் பள்ளிவாசல் மதிலோரம் திரும்பி நின்று திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

முற்றத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் கண்டுவிடுகிறார்.

"தம்பி, நோன்பில்லையோ?"

"பயணம், நானா." அண்ணன் என்று அழைக்கையிலேயே முகம் சுடுகிறது.

"நானும் காலமைதான் புத்தளத்திலையிருந்து பஸ்ஸிலை வந்தனான். எனக்குப் பிடிக்க ஏலுமெண்டு பட்டுது, பிடிச்சன். அது என்ரை பாடு."

அகப்பையில் கஞ்சி அள்ளி நீட்டுகிறார்.

"இஞ்சை நாங்கள் எல்லாரும் நோன்பு. உப்புக் காணுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

ஊதிக் குடிக்கிறேன்.

"கொஞ்சம் காணாது."

ஒரு கை உப்பை அள்ளி, அத்தனை பேருக்குமான கஞ்சியில் போடுகிறார்.