சேனாதிபதி பார்த்த ஆறு விநாடி

என் தாயார் இராஜம்மா இறந்து இருபத்தாறு நாளாகிறது. கப்பலேறி வந்தவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். ஞாயிறு பிற்பகல், பெண்களுக்கு மட்டுமென நடந்த ஊமைப்படக் காட்சியில் திரையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுத்து வரும்போது வாசித்து, கதையும் சொல்வார். 1929இல் ஒருமுறை இந்த இரண்டு வேலைகளும் ஒன்றில் ஒன்று முட்டிக்கொண்டன.

நான் அப்போது செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். வேலை முடிந்து, அந்தப் படங்கள் ஓடிய தகரக் கொட்டகையில் படக் கருவியைக் கையால் சுற்றுவேன்.

அந்த மாதம் ஓடியது ஒரு ராஜா கதை. சேனாதிபதிதான் வில்லன். பகை நாட்டு இளவரசனைச் சிறைபிடிக்கிறான். அதற்குப் பரிசாக ராஜா தன் மகளையே கொடுக்க, வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறான். பிறகு சிறைக்குப் போய், இளவரசனின் நெற்றி ரத்தத்தைத் தன் தலைப்பாகை நுனியால் துடைக்கிறான். துடைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்கிறான். அந்த இடத்தில் எழுத்து எதுவும் வராது. ஆண்கள் காட்சியில் கதை சொன்ன இராமலிங்கம் அதைச் சும்மா விடவில்லை. தகரக் குழலில், “ராஜகுமாரியே கசக்குதாம்ணே நம்மாளுக்கு” என்பார். கொட்டகை சிரிக்கும்.

படம் வந்த மறுநாள் மாரியாயி அக்கா கடிதம் எழுத வந்தார். அவர் மகன் ரெங்கசாமி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ரெங்கசாமிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த சம்பந்திக்கு எழுதச் சொன்னார்: உங்கள் பெண் மலடி, அடுத்த கப்பலில் அனுப்புகிறோம், என் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறோம்.

அம்மா எழுதினார். “இந்த வாரத் தபால் போயிருச்சுக்கா. அடுத்த வாரந்தான்” என்று பெட்டியில் வைத்துக்கொண்டார். தபால் போயிருக்கவில்லை.

அந்த மருமகள் புஷ்பவல்லி. முதல் ஞாயிறு படம் பார்த்தாள். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பியது.

“அவனுக்கு என்னதான் வேணுமாம்? பொண்ணும் வேணாங்கறான்” என்றார் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி.

“ராஜ்யம் வேணும். வேறென்ன” என்றாள் ஒருத்தி.

“ராஜ்யத்துக்கு ஆசப்படுறவன் ரத்தத்தத் தொடைப்பானா? அவனுக்கு அந்த இளவரசன் மேலதான் மனசு” என்றாள் புஷ்பவல்லி.

“அட போடி. எங்க வீட்டுக்காரரும் வியாழக்கிழமை பாத்தாரு. சும்மா ஒரு பார்வ, அவ்ளோதான்றாரு. நீதான் என்னத்தையோ கண்டே.”

குடம் நிறைந்து வழிந்தும் புஷ்பவல்லி எடுக்கவில்லையாம். அம்மா அதைக் கவனித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

“அந்த எடத்துல படத்துல என்னடா இருக்கு?”

சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். தொண்ணூற்றாறு கட்டம். ஆறு அடி. சரியான வேகத்தில் சுற்றினால் ஆறு விநாடி. ஞாயிறு ஒரே காட்சி, அந்த வேகத்தில்தான் சுற்றினேன். மற்ற நாள் மாலையில் ஆண்களுக்கு இரண்டு காட்சி முடிக்க வேண்டியிருந்ததால் வேகமாகச் சுற்றினேன். அதில் நான்கு விநாடிதான் வரும். தனலெட்சுமியின் கணவர் பார்த்த பார்வை வேறு, புஷ்பவல்லி பார்த்தது வேறு. இதை விளக்கினேன்.

“எது நெசம்?”

“எடுத்தது ஆறு விநாடி.”

“அப்ப போன ஞாயித்துக்கெழம மாதிரியே வர்ற ஞாயித்துக்கெழமையும் சுத்து” என்றார். பிறகு, “நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அந்த எடத்துல ‘என்ன சூது நெனைக்கிறானோ’ன்னு பேசி மறைச்சிட்டேன்.”

இரண்டாம் ஞாயிறு மாரியாயி அக்காவையும் புஷ்பவல்லியையும் அம்மாவே டிக்கெட் இல்லாமல் அழைத்துவந்தார். அந்த இடம் வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நூற்றிருபது பெண்கள் இருந்த கொட்டகையில் என் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது.

காட்சி முடிந்து பெண்கள் வாசலில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள். நான் கதவருகே சுருளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“பாவந்தான் அந்தச் சேனாதிபதி. காலா காலத்துல ஒருத்தியக் கட்டி வெச்சிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும்” என்றார் மாரியாயி அக்கா.

“கட்டி வெச்சாங்கல்ல அத்தே” என்றாள் புஷ்பவல்லி. “மூணு வருசமாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. மாரியாயி அக்கா கச்சான் பொட்டலத்தை மடித்தார். மருமகளைத் திட்டவில்லை. தனியாக நடந்து வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை ரெங்கசாமி வேலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“எங்கம்மா குடுத்த கடுதாசி போயிருச்சாக்கா?”

“இல்லப்பா.”

“வேற எழுதுங்க. கொற எம் மேலன்னு எழுதுங்க.”

அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். “உனக்கு என்னப்பா கொற? வேலைக்குப் போறே. குடிக்க மாட்டே. அந்தப் பொண்ணு மேல ஒருநாள் கை நீட்டினதில்ல.”

“அப்ப எப்படித்தான் எழுதுறது?”

ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்கு வரி வந்தது. “பிள்ளை இல்லாததற்குப் புஷ்பவல்லி காரணமல்ல. என்னால் புருஷனாக வாழ முடியவில்லை. அவளுக்கு வேறு இடத்தில் வாழ்க்கை அமைத்தால் எனக்குச் சம்மதம். எனக்கு இன்னொரு பெண் பார்க்க வேண்டாம்.” இடது பெருவிரல் ரேகை வைத்தார். எழுந்தவர் கேட்டார்:

“நானும் அந்தப் படத்தப் பாத்தேன். கடசில அவனக் குத்திக் கொன்னுடறாங்களே. நீங்க அத எப்படிச் சொன்னீங்க?”

“‘துரோகி ஒழிந்தான்’னு எழுத்து வரும். வாசிச்சேன்.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாரியாயி அக்காவின் கடிதத்தை அம்மா அவரிடமே திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் எங்களிடம் வந்ததில்லை. கடிதம் எழுத வேண்டுமானால் சில மைல் தள்ளி சாலாக் செலாத்தான் வரை போய் எழுதி வாங்கினார். குழாயடிப் பேச்சு ஆண்களுக்கும் எட்டியது. ஸ்டேஷனில் சிலர் ரெங்கசாமியைச் சேனாதிபதி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கிள்ளானுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். “ஒருத்தியத் தூக்கிவிட்டு ஒருத்தன எறக்கிட்டேனாடா” என்று அம்மா கேட்டார். அந்தக் கொட்டகைக்கு அவர் அடுத்த நான்கு ஞாயிறு போகவில்லை.

ஏழாவது வாரம் தஞ்சாவூரிலிருந்து பதில் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். தனலெட்சுமி இருந்தார், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வரிசையின் கடைசியில் மாரியாயி அக்காவும் நின்றார். பிறர் கடிதத்தை எப்போதும் காதோடு காதாக வாசிக்கும் அம்மா, அன்று புஷ்பவல்லியைக் கேட்டுக்கொண்டு, உரக்க வாசித்தார்.

“மகளே, உன் மேல் பழி இல்லை என்று மாப்பிள்ளை கடிதத்தால் அறிந்தோம். அங்கே கேரி தீவிலிருக்கும் உன் அண்ணன் வந்து அழைத்துப்போவான். தலை குனியாமல் போ.”