இரண்டு நாள் முந்திக் காய்ச்சிய பால்

1996ஆம் ஆண்டு, வைகாசி மாதக் கடைசி. கனடாவில், ஸ்காபரோவில் வோபர்ன் பக்கமாக நாங்கள் ஒரு வீடு வாங்கியிருந்தோம். வாங்கியிருந்தோம் என்று சொல்வதுகூடப் பிழை. பத்திரம் எங்கள் பெயருக்கு மாற வெள்ளிக்கிழமை ஆகும். அதற்குள் புதன்கிழமையே என் மானம் கப்பலேறிவிட்டது.

எல்லாம் பத்திரம் எழுதுகிற லோயரின் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் இன்சூரன்ஸ் எடுத்த கடிதம் வெள்ளிக்கு முந்தித் தன் கைக்கு வராவிட்டால் வங்கி கடன் காசு விடாது, கதவைத் திறக்கிற திறப்பும் கிடைக்காது என்றார். ஆறு வருடம் அஜின்கோர்ட்டில் ஒற்றை அறை அப்பாட்மென்டில் ஒடுங்கிக் கிடந்து, நானும் கணவரும் ஆளுக்கு இரண்டு வேலை செய்து சேர்த்த காசு முழுவதும் முற்பணமாகப் போயிருந்தது. அப்பாட்மென்டை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டோம். சரி, ஒரு கடிதம்தானே, எடுத்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன்.

எங்கள் சனத்துக்குள் வீடு வாங்கிய செய்தி பரவுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். மறுநாளே ஒருவர் வந்து கதவைத் தட்டினார். என் கணவரோடு படித்த ஒருவரின் மைத்துனராம். இன்சூரன்சும் விற்பார், வீடும் விற்பார், கல்யாண வீட்டுக்கு வீடியோவும் எடுப்பார். சாமிப் படம் போட்ட கலண்டர் இரண்டு கொண்டுவந்தார். ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். அதில் முக்கால்வாசி நேரம் ஊரில் யார் யாரைக் கட்டினார்கள் என்ற கதை. இன்சூரன்ஸ் கதை வந்தபோது பையைக்கூடத் திறக்கவில்லை.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நெருப்போ, தண்ணியோ, கள்ளனோ, எல்லாம் கவர்" என்றார்.

எனக்கு ஆளை நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் கணவருக்கோ சொல்லத் தேவையில்லை. எங்கட ஆள் என்றால் அவருக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி இன்சூரன்ஸ் விற்கிற வேறொரு பிள்ளையை அனுப்பினாள். முப்பது வயதிருக்கும், எங்கட தமிழ்ப் பிள்ளைதான். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். ஊர் எது என்று கேட்டேன், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு நீளமான படிவம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தொடங்கினாள் பாருங்கள். வயரிங் எந்த வருடம் செய்தது, கூரை எப்போது மாற்றியது, பேஸ்மென்டில் யாராவது வாடகைக்கு இருப்பார்களா, நகை எவ்வளவு, சாமி விளக்கு எந்த அறையில் எரியும், எரிய விட்டுவிட்டு வேலைக்குப் போவீர்களா... என் அகதி விசாரணையில்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. நகை ஒரு அளவுக்கு மேல் போனால் தனியாகப் பதிய வேண்டும், பேஸ்மென்டில் ஆள் வைத்துவிட்டுச் சொல்லாமல் விட்டால் இன்சூரன்ஸ் பொலிசியே செல்லாமல் போகலாம் என்று இல்லாத பொல்லாத எல்லாவற்றையும் அடுக்கினாள். புதுவீட்டுக்குப் போகிற நேரத்தில் இது என்ன அபசகுனம் பிடித்த வாய் என்று எனக்குள் எரிந்துகொண்டு வந்தது.

கடைசியாக ஒன்று கேட்டாள்.

"எப்ப அக்கா புதுவீட்டில குடிபூருறியள்? வெள்ளிக்கு முன்னம் உள்ளுக்குப் போய்ப் பால் காய்ச்சுற எண்ணமிருந்தால் சொல்லுங்கோ. வெள்ளி வரும்மட்டும் அது அவையின்ர வீடு. ஏதும் நடந்தால் ஒருத்தற்ற இன்சூரன்சும் உங்களுக்கு நிக்காது."

எனக்குத் திக்கென்றது. அந்த எண்ணம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆனி பிறந்துவிடும். ஆனி, ஆடியில் குடிபூரக் கூடாது. பிறகு ஆவணி வரை பொறுக்க வேண்டும். புதன் காலை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில்தான் கடைசி நல்ல நேரம் என்று ஐயர் சொல்லியிருந்தார். வீட்டை விற்ற வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டு இரண்டு மணித்தியாலத்துக்குத் திறப்பும் வாங்கி வைத்திருந்தோம். எழுபது வயதைத் தாண்டியவர், மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்சம் பால் காய்ச்ச வேண்டும் என்றபோது, தாராளமாகக் காய்ச்சுங்கள், அடுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று சொன்ன மனுசி.

"வெள்ளிக்குத்தான் தங்கச்சி" என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வாசலோடு அனுப்பிவிட்டு, கலண்டர்காரருக்கு ஓம் என்றோம். அடுத்த நாளே அவருடைய கடிதம் லோயருக்குப் போய்விட்டது. பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம் என்று கணவரிடம் பெருமை வேறு அடித்தேன்.

புதன்கிழமை வந்தது. ஐயர் வரவில்லை. அடுப்பிலேயே காய்ச்சலாம், குற்றமில்லை என்று அவரே சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. மின்சார அடுப்பில் பொங்குவதெல்லாம் ஒரு பாலா? மூன்று செங்கல், ஒரு கட்டு விறகு, புதுப்பானை எல்லாம் கொண்டுபோனேன். கராஜில் மூட்டுவோம் என்று கணவர் கெஞ்சினார். கார் நிற்கிற இடத்திலா லட்சுமி வருவாள் என்று அவர் வாயை அடைத்தேன். சமைக்கிற குசினியின் தரை பிளாஸ்டிக் மாதிரியான வினைல். அது சுடாமல் இருக்க, வான்கோழியை ஓவனில் பேக் பண்ணுகிற மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்றை விரித்து, அதன்மேல் செங்கல்லை வைத்து நெருப்பை மூட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. தட்டுக்குக் கீழே தரை உருகிக்கொண்டிருந்தது. கணவர் பாய்ந்து தட்டைத் தூக்கினார். அது நடுவால் மடிந்து, தணல் முழுவதும் குசினிக்குள் சிதறியது. அலுமாரிக் கதவில் நெருப்புப் பற்றிக்கொண்டது. முகட்டில் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. பொங்கிய பாலைத்தான் முதலில் தூக்கி ஊற்றினோம். பிறகு தண்ணீர். நெருப்பு அணைந்த நேரம் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. புகையைக் கண்டு பக்கத்து வீட்டார் அழைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரையில் வண்டிச் சில்லு அளவுக்கு ஒரு கருப்பு வட்டம், இரண்டு அலுமாரிக் கதவு கரி, முகடு முழுக்கப் புகை. வந்தவர்களில் ஒருவர் செங்கல்லையும் பார்த்தார், பக்கத்தில் இருந்த அடுப்பையும் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். 

கலண்டர்காரரின் பேஜருக்கு அடித்தோம். அவர் திருப்பி அழைத்தார். கதையைக் கேட்டதும் அந்த இனிக்கிற குரல் எங்கே போனதோ தெரியாது.

"அக்கா, பொலிசி வெள்ளியிலயிருந்துதானே. புதன்கிழமை உங்களை ஆர் அங்க போகச் சொன்னது?"

எல்லாம் கவர் என்றீர்களே என்று கத்தினேன். வேறொரு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை முறை பேஜருக்கு அடித்தும் பதிலே இல்லை.

என் கணவர் அதைவிடப் பெரிய ஆள். "இஞ்ச பாரும், ஒரு பெரிய பாய் வாங்கி விரிப்பம். வெள்ளி வரும்மட்டும் மூடிக் கிடக்கட்டும். கேட்டால் வயர் கோளாறு எண்டு சொல்லுவம்" என்றார். தீயணைப்பு வண்டி வந்துபோனதைத் தெருவே பார்த்திருக்கிறது, இவர் பாய் விரிக்கப் போகிறாராம். எனக்கு அழுவதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. அந்த அம்மா விற்கமாட்டேன் என்று சொன்னால், வழக்குப் போட்டால், முற்பணம் போய்விடும். இருக்கிற இடமும் இல்லை.

வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு அந்தக் கேள்விக்காரப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது இதுதான்.

"அந்த அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அக்கா எனக்கு எடுக்கிறியள்? முதல்ல அவவுக்கு எடுங்கோ. வேற ஆளிட்ட இருந்து கேள்விப்பட்டாவெண்டால் ஆருக்கும்தான் கோவம் வரும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த அம்மா ஒரு மணித்தியாலத்துக்குள் டாக்சியில் வந்து இறங்கினார். குசினி வாசலில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். என் ஓட்டை இங்கிலீசில் நாளையும், நேரத்தையும், ஆனி மாதத்தையும் விளங்கப்படுத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அடுப்புக்கு என்ன கேடு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். 

பிறகு திட்டினார். நன்றாகத் திட்டினார். பக்கத்து வீடும் சேர்ந்து எரிந்திருந்தால் என்ன செய்வாய் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டி ஓய்ந்தபின் கருகிய வட்டத்தைச் சப்பாத்தின் நுனியால் தட்டிப் பார்த்தார். இந்த மஞ்சள் தரை தன் புருசன் தேர்ந்தெடுத்தது, இருபது வருடமாகத் தனக்குப் பிடிக்காது என்றார். தன் இன்சூரன்சுக்கு அறிவிக்கப் போவதில்லை, குசினியை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், வெள்ளிக்கு வேலை முடியட்டும் என்றார். தரை பிடிக்காது என்றது உண்மையா, நான் நின்ற நிலையைப் பார்த்துச் சொன்னதா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை வேலை செய்கிற கந்தோருக்கு நானே போனேன். அதே படிவத்தை எடுத்தாள். இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். என் தம்பியின் சிநேகிதன் குடும்பம் பேஸ்மென்டுக்கு வாடகைக்கு வரப்போகிறது, எரிந்த குசினி, தாலிக்கொடி எத்தனை பவுன் என்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. மாதக் கட்டணம் கலண்டர்காரர் சொன்னதைவிடக் கூடத்தான் வந்தது. நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்வாள் என்று காத்திருந்தேன்.  பேனையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இனியும் வீட்டுக்குள்ள விறகு மூட்டுவியளோ?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதையும் எழுதினாள். கலண்டர்காரரின் பொலிசியை விட்டுவிட்டோம், அவளுடைய கடிதத்தோடுதான் வெள்ளிக்கிழமை திறப்பு எங்கள் கைக்கு வந்தது.

பல நாள் எனக்குக் கலண்டர்காரர் மேல்தான் கோபம். அவரைத் திட்டிக்கொண்டிருக்கும் வரை என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார்? நான் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். என்னை எச்சரித்தவளும் முன்பின் தெரியாதவள், என்னை மன்னித்தவரும் முன்பின் தெரியாதவர், ஒருத்தியிடம் பால் காய்ச்சுகிற நாளை, மற்றவரிடம் விறகை மறைத்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு இன்றும் என்னைச் சுடுகிறது.