எருமைக்குக் காவல்

என் மகளுக்குப் பால் ஊறியது பூண்டாலா, எருமையாலா? அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது நாங்கள் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில், மாமனார் மாமியாருடன் இருந்தோம். மகளுக்கு மூன்றாவது மாதம். சற்று நேரம் குடிப்பாள். பிறகு வாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுவாள். திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி நர்சம்மா அவளைத் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுங்கம்மா. படுத்தாத்தான் பால் ஊறும். இல்லைனா டப்பாப் பால்தான்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். சொன்னதைச் செய்யத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் கால அட்டவணை போட்டேன். கம்பு இடிப்பதற்கும் சாயங்காலம் வெஞ்சனம் சமைப்பதற்கும் நடுவில் 'ஓய்வு' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். மறுநாள் அந்த நேரத்துக்குச் சரியாகப் போய்ப் பாயில் படுத்தேன். வெளியே அத்தை முறத்தில் புடைக்கும் சத்தம் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய மாமியார் வெயிலில் உட்கார்ந்திருக்க, இருபத்திரண்டு வயது மருமகள் படுத்திருக்கிறாள் என்று யாரோ சபையில் வாசித்துக்காட்டுவதுபோல் இருந்தது. எழுந்துபோய் முறத்தை வாங்கிக்கொண்டேன்.

"படுக்கலையாத்தா?"

"தூக்கம் வரலை அத்தை."

ஐந்து நாள் இப்படி ஓய்வெடுத்ததில் உடம்பு முன்னைவிடக் களைத்துப்போனது. இத்தனைக்கும் அத்தை என்னை ஒருநாளும் படுக்காதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அவருடைய வைத்தியம் பூண்டு. பாலில் வேகவைத்த பூண்டு, சுட்ட பூண்டு, பூண்டுக் குழம்பு. என்னிடமிருந்து பூண்டு வாசம் வந்ததே தவிர, பால் வரவில்லை.

அந்த வீட்டில் கறவையில் ஓர் எருமை இருந்தது. உச்சிப்பொழுதிலிருந்து மூன்று மணிக்குக் கறக்கும்வரை தொழுவத்தில் படுத்து அசைபோடும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம் கேட்கக்கூடாது. மாமனார்கூட இருமலை அடக்கிக்கொண்டுதான் கடந்துபோவார். ஒருநாள் நான் குடத்தைக் கல்லின்மேல் ணங்கென்று வைத்துவிட்டேன்.

"ஏத்தா, செத்த நேரம் அதைச் சும்மா கிடக்க விடு. பதறுச்சுன்னா பாலை அடக்கிக்கிரும்" என்றார் அத்தை.

குடத்தைப் பிடித்தபடி நின்று எருமையைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. வாய் மட்டும் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டிருந்தது. ஈ உட்கார்ந்தால் ஒரு காது ஆடும். அதற்குமேல் அது சிரமப்படவில்லை. காலையில் கொடுத்த பால் போதுமா என்று யாரையும் கேட்பதாகவும் தெரியவில்லை. என் பள்ளிக்கூடத்தில் சோம்பேறிப் பிள்ளைகளை "எருமை" என்று திட்டுவார்கள். எருமையை யாரும் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

"நான் வேணா இங்கனயே இருந்து பாத்துக்கிறேன் அத்தை. கோழி, நாயி வந்து கலைச்சிரும்ல."

அத்தை என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். "பாத்துக்க."

இப்படித்தான் எனக்குப் படுக்கும் வேலை கிடைத்தது. தொழுவத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். காவல் என்பதால் மனம் எதிர்ப்புச் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு கோழியை விரட்டினேன். படுத்ததற்கு நியாயம் செய்துவிட்ட நிம்மதி. மூன்றாம் நாள் எருமை மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மகள் ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கம் ரவிக்கை நனைந்தது.

"பூண்டு வேலை செஞ்சிருச்சு" என்றார் அத்தை.

பிறகு ஒரு மத்தியானம் கண் விழித்தபோது முளைக்குச்சியில் கயிறு இல்லை. எருமையும் இல்லை. பதறி எழுந்தேன். நாலடி தள்ளி அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோழி விரட்டும் குச்சி.

"அத்தை, எருமையைக் காணோம்."

"கறந்து, குளத்துக்கும் ஓட்டிட்டுப் போயாச்சு. நல்லாத்தான் காவல் காத்த, போ."

"என்னைய எழுப்பியிருக்கலாமே."

"எதுக்கு? நீயும் பதறி அடக்கிக்கிறதுக்கா?"

அன்று சாயங்காலம் யாரும் கேட்காமலே, பரணில் சும்மா கிடந்த அண்டா மூன்றையும் இறக்கித் தேய்த்தேன். ஆனால் மறுநாளும் சாக்கை எடுத்துக்கொண்டு போனேன். "எருமையைப் பாத்துக்க" என்றுதான் அத்தையும் சொல்லி அனுப்பினார். நாங்கள் இருவரும் கடைசிவரை அந்தப் பேச்சை மாற்றவில்லை.

இப்போது கணவருக்குத் திண்டுக்கல்லில் வேலை. டவுனில் இரண்டு அறை வீடு; ஆட்டுக்குட்டி கட்டக்கூட இடமில்லை. மறுபடியும் உண்டாகியிருக்கிறேன்; இது ஆறாவது மாதம். எருமை கற்றுக்கொடுத்ததை நான் சரியாகக் கற்றிருந்தால் எருமை இல்லாமலே படுக்க வேண்டும். நேற்று முயன்றுபார்த்தேன். கூரையில் ஒட்டடை தெரிந்தது; எழுந்துவிட்டேன். அத்தை ஊரிலிருந்து ஒரு பை பூண்டு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

வாசிக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். காவல் காக்க எதுவும் இல்லாத வீட்டில் நீங்கள் எந்தச் சாக்கைச் சொல்லிப் படுக்கிறீர்கள்? சாக்கே இல்லாமல் படுப்பவர் யாராவது இருந்தால், முதல் நாள் எப்படிப் படுத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் இருக்கிறது. பூண்டைப் பற்றி எழுத வேண்டாம்.