சேட்டம்மா கேட்ட மன்னிப்பு

எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. மண்ணை வாரித் தூற்றிச் சண்டை போடுவார்கள். மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பிறகு ஒருநாள் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டபடி ஒருத்தி படியேறி வருவாள், அதோடு எல்லாம் சரியாகிவிடும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு பெண்பிள்ளை காலை நேரத்தில் கையைக் கூப்பிக்கொண்டு வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன ஆகும்? தெருவே ஆடிப்போய்விட்டது.

அது ஐம்பதுகளில், போடிநாயக்கனூரில். எனக்கு எட்டு வயது. அம்மாவும் அப்பாவும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் என்னை அப்பாவின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். நல்ல நாள், பெரிய நாளுக்கு ஜீப்பில் இறங்கி வருவார்கள். மறுநாளே ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் இருந்த மலை தெருவில் நின்று பார்த்தாலே தெரியும். அதுதான் பெரிய கொடுமை. கண்ணுக்கே தெரியாத ஊரில் இருந்திருந்தால் நான் கொஞ்சம் மறந்திருப்பேன்.

அத்தை கெட்டவள் இல்லை. அவளுக்குக் கைக்குழந்தை ஒன்று, அடுப்படி ஒன்று, வாய் ஒன்று. மூன்றுக்கும் ஓய்வு கிடையாது. மிச்சம் மீதி இருந்தால் எனக்கு என்பது கணக்கு. மிச்சம் இருந்ததே இல்லை.

பக்கத்து வீட்டுக்கு அந்தத் தை மாதம்தான் சேட்டும் சேட்டம்மாவும் குடிவந்தார்கள். குஜராத் பக்கத்துக்காரர்கள். சேட்டு கடைவீதியில் ஏலக்காய் வாங்கிப் பம்பாய்க்கு லோடு அனுப்பினார். என் மாமாவுக்கு அவர் கடையில்தான் எடை போடும் வேலை. சேட்டம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. தமிழ் தெரியாது. ஊரில் அவள் பாஷை பேச அவள் புருஷனைத் தவிர ஒரு ஆள் கிடையாது. அந்த மனிதரும் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்.

அவள் வீட்டு நடைமுறை எல்லாமே தெருவுக்கு வேடிக்கை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவாள், இருட்டினால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. விளக்குக்கு எண்ணெய் செலவாகுமே என்று பயந்து என்றாள் அத்தை. வெங்காயம், கிழங்கு எதுவும் வாங்கமாட்டாள். கஞ்சத்தனம் என்றாள் பால்காரி. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். பிறகு அந்தத் துணியை அலசிய தண்ணீரைக் கிணற்றுக்கே கொண்டுபோய் மெதுவாக விடுவாள். இதற்கு மட்டும் யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே கிறுக்கு என்று முடிவு செய்தார்கள். அவர்கள் சமண மதம் என்பதோ, துணியில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை அவற்றின் இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் விடுகிறாள் என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொல்லைப்புற வேலிப்படல் வழியாக அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். எனக்கிருந்த ஒரே போக்கிடம் அது. தலை வாரிவிடுவாள். வெந்தயக்கீரை போட்ட மஞ்சள் ரொட்டி தருவாள். போடியில் ஐந்து மணிக்கே ராச்சாப்பாட்டை முடித்த ஒரே தமிழ்ப் பிள்ளை நான்தான். சாப்பிட்ட பிறகு அவள் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அவள் பாஷையில் பேசத் தொடங்குவாள். கடகடவென்று பேசுவாள், இடையிடையே சிரிப்பாள், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ‘ம்’ கொட்டுவேன். அவள் முடித்ததும் என் முறை வரும். மலையைப் பற்றி, அட்டைப்பூச்சியைப் பற்றி, அம்மாவின் கையில் ஏலக்காய் வாசம் அடிப்பதைப் பற்றி நான் சொல்லுவேன். அவள் ‘ம்’ கொட்டுவாள். என் பேச்சை முழுதாகக் கேட்டவர்கள் அந்த வயதில் எனக்கு வேறு யாரும் இல்லை.

ஒருமுறை சேட்டு எங்கள் இருவரையும் உத்தமபாளையத்துக்குப் பஸ்சில் கூட்டிப்போனார். அங்கே கருப்பசாமி கோயிலை ஒட்டிய பாறையில் கண்ணை மூடிய அம்மணச் சாமிகளை வரிசையாகச் செதுக்கியிருந்தார்கள். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். சேட்டம்மாவோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு பாறையடியில் கிடந்த ஆட்டுப் புழுக்கையை முந்தானையால் ஒதுக்கிச் சுத்தம் செய்தாள். அவள் ஊர்ச் சாமி எங்கள் ஊர்ப் பாறைக்கு எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. பஸ்சில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்து சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரம் சேட்டம்மா அடுப்பே மூட்டவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும் குடித்தாள், அதுவும் பகலில். முகம் ஒடுங்கிவிட்டது. அது நோன்பு என்று தெரியாமல், சேட்டு அவளைப் பட்டினி போட்டுக் கொல்கிறார் என்று தெருவில் பேச்சு. அதே வாரத்தில் அத்தையின் குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கூடவே காய்ச்சல். தோளில் கிடந்து அது முனகிய சத்தத்தில் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அத்தை யார் மேலாவது எரிந்து விழக் காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு காலையில் சேட்டம்மா வந்தாள். தலையில் முக்காடு, வெளுத்த சேலை, கூப்பிய கை. வாசலில் நின்று, “மிச்சாமி துக்கடம்” என்றாள். பிறகு இதற்காகவே மனப்பாடம் செய்திருந்த தமிழில், “தப்பு… மன்னிச்சு” என்றாள்.

அத்தைக்கு முகம் மாறியது. “என்ன தப்பு?” என்றாள். சேட்டம்மா என்னவோ சொன்னாள். அத்தை என்னைப் பார்த்து, “ஏய், வெரசா ஓடிப்போயி அந்த இந்தி வாத்தியாரக் கூட்டியாடி” என்றாள்.

தெருக்கோடியில் சாயங்கால இந்தி வகுப்பு நடத்திய வாத்தியாரை அதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பெருமையோடு வந்தார். அவள் பேசியது இந்தி இல்லை என்று கண்டதும் கொஞ்சம் திணறினார், ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் அக்கா தங்கை பாஷைதான் என்று சொல்லிவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு அர்த்தம் சொன்னார்.

“மனசாலயோ வாயாலயோ கையாலயோ, தெரிஞ்சோ தெரியாமலோ, ஒங்களுக்குத் தப்புச் செஞ்சிருந்தா மன்னிக்கணுமாம்.”

“தெரிஞ்சும் செஞ்சாளாமா?” என்றாள் அத்தை.

“அப்படித்தான் சொல்றாங்க.”

“என்னத்தச் செஞ்சான்னு கேளுங்க.”

வாத்தியார் கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அது அவுகளுக்கே தெரியலையாம்.”

மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. இந்தக் காலத்துப் புத்தகங்களில்கூட இவ்வளவு நேர்மையான மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. அதனால்தான் வினை வந்தது.

அத்தை குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். அப்போது சேட்டம்மா என் பக்கம் திரும்பி, ஒரு பெரிய மனுஷியிடம் கேட்பதுபோலவே எனக்கும் கை கூப்பிக் குனிந்து அதே வார்த்தையைச் சொன்னாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சேட்டம்மா கை கூப்பியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

தப்பு செய்யாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்கப்போகிறாள்? தெரு முழுக்கத் தப்பைத் தேடத் தொடங்கியது. அத்தைக்குத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. பிள்ளையில்லாதவள் வாரந்தோறும் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள், கண் வைத்துவிட்டாள், இப்போது மனசு குத்துகிறது. பால்காரி, தான் தண்ணீர் கலந்ததைத்தான் அவள் நாசூக்காகக் குத்திக்காட்டிவிட்டுப் போனாள் என்று கொதித்தாள். “நேருக்கு நேரா கேக்க வேண்டியதுதான? கும்பிடு போட்டுக் கேக்குறா பாரு!” மாமாவும் நண்பர்களும் சேட்டின் எடைக்கற்களை இன்னொரு கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். கற்கள் சரியாக இருந்தன. அப்படியென்றால் களவாணிக் கற்களை முன்னாலேயே ஒளித்துவிட்டார் என்று ஆனது.

சேட்டே மாமாவிடம் வந்து தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தார். இது எங்கள் சாமி வழக்கம், வருஷம் தவறாமல் எல்லாரிடமும் கேட்போம் என்றார். மாமா அதைத் தெருவில் வந்து சொன்னார்: “வருசா வருசம் கேக்குறான்னா, வருசா வருசம் செய்யிறான்னுதான அர்த்தம்?”

கொல்லைப் படலில் அத்தை முள் வெட்டிப் போட்டாள். “இனிமே அந்தப் பக்கம் காலு வச்ச, ஒடிச்சிருவேன். ஒஞ் சோலியப் பாத்துக்கிட்டு இரு” என்றாள். குழந்தைக்கு மிளகாய் சுற்றிப் போட்டார்கள், உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள், ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தார்கள். சில நாளில் தேறிவிட்டது. முள் போட்டதால்தான் தேறியது என்பதில் அத்தைக்குக் கடைசிவரை சந்தேகம் வரவில்லை.

எனக்கு மறுபடியும் போக இடமில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து மணிக்கு ஒரு தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வராது. அவள் பேசவேண்டியதை யாரிடம் பேசுகிறாள் என்று நினைத்து நினைத்து அழுகை வரும்.

தெருவே தேடும்போது நான் மட்டும் சும்மா இருப்பேனா? எனக்கு அவள் என்ன தப்புச் செய்திருப்பாள் என்று நானும் தேடினேன். தலை வாரும்போது சிக்கை இழுத்ததைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நானும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவள் என்னை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போகிறாள், அதற்குத்தான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அப்படி நினைத்ததும் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு தடவை ஜீப் ஏறும்போதும் கேட்காமல் விட்ட மன்னிப்பையெல்லாம் சேர்த்து அவள் மேல் கோபப்பட்டேன்.

தீபாவளி கழிந்து சேட்டு அவளை ஊருக்கு அனுப்பிவைத்தார். அவர் மட்டும் கடையிலேயே தங்கிக்கொண்டார். மதுரை பஸ்சுக்குப் போக வாசலில் ஜட்கா வந்து நின்றபோது, சேட்டம்மா எங்கள் வீட்டைப் பார்த்தபடி ஏறினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் ஆதாரம் கிடைத்ததுபோல எனக்கும் என் ஆதாரம் கிடைத்துவிட்டது.

ரொம்ப வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு குஜராத்திப் பெண் இருந்தாள். ஒரு மழைக்காலக் காலையில் அவள் ஒவ்வொரு மேஜையாக வந்து கை கூப்பி அந்த வார்த்தையைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றவர்கள் பழகியவர்கள், சிரித்துக்கொண்டே அவர்களும் கை கூப்பி அதையே திருப்பிச் சொன்னார்கள். நீங்கள் எதற்குத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண்தான் விளக்கினாள். அது குஜராத்தியும் இல்லை, இந்தியும் இல்லை, அவற்றுக்கெல்லாம் மூத்த பிராகிருதம். என் தப்பெல்லாம் ஒன்றுமில்லாமல் போகட்டும் என்று அர்த்தம். இன்ன தப்பு என்று கிடையாது. ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவரும் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் சொன்னால்தான் அந்த வருஷத்துக் கணக்குத் தீரும் என்றாள்.

அந்த வருஷம் எங்கள் வீடு சேட்டம்மாவுக்குச் செய்தது கொஞ்சமா? அவள் வாசல் பக்கம் வேண்டுமென்றே மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். அவள் காதுபட மலடி என்றிருக்கிறோம். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நம்பி, சிரித்த முகத்தோடு திட்டியிருக்கிறோம். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அன்று காலையில் கூப்பிய கையோடு அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நாங்கள் மன்னிப்பதற்காக நிற்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நாங்கள் கேட்பதற்காகவும் அவள் நின்றாள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.