காய் பறக்குது

சைக்கிள் வேகத்தில் உருளும் பாரவண்டி ஒன்று காலி டிராலியை இடித்தால், டிராலி எவ்வளவு வேகமாகப் போகும்? அன்று எனக்கு விடை தெரியவில்லை. சித்திக்குத் தெரியும்.

சித்திக்கு ரயில் யார்டில் வேலை. எதைக் கண்டாலும் "நில்லு" என்பதால் பட்டப்பெயர் பிரேக்கு. சித்தப்பாவுக்கு அங்கேயே பெயின்ட் அடிக்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கேரம் பலகையில் மல்லுக்கு நிற்பார்கள். கனமான ஸ்டிரைக்கரை லேசாகத் தட்டினாலே காய் தெறித்து ஓடும். "காய் பறக்குது பாரு!" என்று குதிப்பார் சித்தப்பா.

அன்று தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்று, கான்கிரீட் தடுப்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார் அவர். முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், இரு முனையிலும் ஸ்பிரிங் வைத்த காலி டிராலி. அதற்கும் பின்னால் சரக்கோடு சரிவில் நின்ற பாரவண்டி, கொக்கி கழன்று உருள ஆரம்பித்தது.

தள்ளி, சித்தி பக்கத்தில் நின்ற கொக்கி மாட்டுகிறவர் அசரவில்லை. "சைக்கிள் வேகந்தானே பிரேக்கு? டிராலி முட்டுக் கொடுத்திடும்."

"அண்ணே, அது முட்டுக்கட்டை இல்ல, காயி!"

சித்தி கண்ணாலேயே தூரத்தை அளந்தார். ஓடினாலும் எட்டாது. 'வண்டி வருது' என்று கத்தினால், அந்த மனுஷன் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, "வரட்டுமே, இன்னும் ஒரு இழுப்பு" என்பார்.

"ஏங்க! காய் பறக்குது!"

சித்தப்பா திரும்பவே இல்லை. பிரஷோடு பக்கவாட்டில் பாய்ந்தார்.

ணங்! பாரவண்டி தன் பாட்டுக்கு உருண்டது. டிராலியோ அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சீறிப்போய்த் தடுப்பில் மோதியது. அது பாய்ந்துபோன தண்டவாளத்துக்கு நடுவே பெயின்ட் டப்பா அப்படியே நின்றது. தப்பித்தோம் என்று சித்தப்பா அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க! காய் இன்னும் குழியில விழல!"

கை பின்வாங்கியது. போன வேகம் குறையாமல் டிராலி திரும்பி வந்தது. எதிரே வந்த பாரவண்டி அதை முன்னைவிட மூர்க்கமாக விரட்டியது. கடைசியில் டிராலியைத் தடுப்போடு நசுக்கிவிட்டுத்தான் நின்றது.

"ஆட்டம் உனக்குத்தான் பிரேக்கு," என்றார் சித்தப்பா.

"நில்லுங்க. முதல்ல விரலைக் காட்டுங்க."

ஐந்தும் இருந்தன.

'மெதுவாத்தானே வருது' என்கிற யாராவது உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இந்தக் கதையை அவர்கள் காதில் போடுங்கள்.