மீன் படாத தோசைக்கல்

என் அக்கா ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது படிப்பை நிறுத்திவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பண்டமாரானுக்கு வந்து, துறைமுகக் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "மொதல்ல இவளுக்கு முடியட்டும் லா" என்பார். அந்த 'இவள்' நான்தான்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் பாக்கியசாலிதான். அதனால்தான் என் கணவரின் பெற்றோர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கல்யாணத்துக்கு முன் முதன்முதலாக வந்த அந்தப் புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவ்வளவு பயம்.

சொல்லாமல் வந்தார்கள். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பையன் ஆசப்பட்டான்னு வந்தோம். பெரியவங்க இல்லாத வீட்டுல யாருகிட்ட பேசுறது? ஒன்னும் எடுத்துட்டு வராதீங்க. நாங்க கை நனைக்க வரல."

பெண் வீட்டில் கை நனைக்காமல் எழுந்து போனால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மாமாவின் நெற்றியில் இருந்த நாமத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கடைக்குப் போகாத வாரம் அது. ஐஸ்பெட்டியில் பாதி முட்டைக்கோஸ், வாடிய பயற்றங்காய், ஒரு கேரட், முதல் நாள் சோறு.

"அவங்கதான் வேணாம்னுட்டாங்களே! என்னக்கா செய்யப் போற?"

"வாய மூடிட்டு கேரட்ட சீவு."

குழிவான குவாலிச் சட்டியை எடுத்த கை பாதியில் நின்றது. அதைத் திரும்ப வைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார். தட்டைக் கல்லில் காய் நிற்குமா? பாதி அடுப்பில் சிந்தியது. வரமிளகாய் நெடி கூடம்வரை போய் மாமாவைத் தும்ம வைத்தது. அவர் எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். கிளம்புகிறோம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"குவாலி இருக்கேம்மா. ஏன் தோசைக்கல்லுல போட்டு அவதிப்படுற?"

அக்கா திரும்பவே இல்லை. "அதுல நேத்து மீன் வறுத்தேன் அங்கிள். நீங்க புரட்டாசி விரதம் இருக்கீங்க. இந்தக் கல்லுல தோசையத் தவிர ஒன்னும் பட்டதில்ல. வேணாம்னா சாப்பிடாதீங்க. ஆனா நீங்க தொடக்கூடாத சோத்த உங்க முன்னால வைக்க மாட்டேன்."

அக்கா சோற்றைக் கொட்டிப் பிரட்டினார். மாமா நகரவில்லை. அத்தையும் வந்து அவர் பின்னால் நின்றார். அக்கா அடுப்பை அணைத்தார்.

"கை எங்கம்மா கழுவுறது?" என்றார் மாமா.

நான் அழுதுவிட்டேன். "அழுகைய அப்புறம் வெச்சுக்க, தட்ட எடு" என்று அக்கா அதட்டினார். சாப்பிட்டு முடித்த மாமா அவரைப் பார்த்து, "பெரியவங்ககிட்ட முறையா பேசணும். எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. தொண்டையில் எதுவும் இறங்காத நாட்களிலும், "எனக்கு ஊட்டுறேன்னு நீ பட்டினி கெடக்காத" என்று திட்டினார். திட்டு நின்ற மறுநாள் போய்விட்டார். இன்னும் ஒருமுறை திட்டியிருக்கலாம் என்று இருக்கிறது.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த கிடங்குத் தோழியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் பசியாறக் கொண்டுவந்து கொடுத்த பண்டமாரான் அண்டை வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். என் மாமாவுக்கும்தான். பதினாறாம் நாள் படையலின்போது, அடுப்புப் பக்கமே போகாத அந்த மனிதர் அடுக்களைக்குள் வந்து, "அந்தத் தோசைக்கல்ல எடும்மா" என்றார். சமையலுக்குப் போக மிஞ்சிக் கிடந்த காய்களைத் தாமே நறுக்கிப் பிரட்டினார். பாதி அடுப்பில் சிந்தியது. மீதியை அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்த இலையில் வைத்துவிட்டு, பந்திக்குக் கூப்பிட்டவர்களைக் கையமர்த்தினார்.

"இருங்க. பெரியவங்க மொதல்ல சாப்பிடட்டும்."