பின்னாலும் வரும் வண்டி

ஆழ்வார்பேட்டை மேம்பாலம் ஏறுவதற்கு முன் ஜஹீதா கார் ஜன்னலை முழுக்க இறக்கி, முழங்கை வரை கையை வெளியே நீட்டி, பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்காரனிடம் சொல்லிவிடுவாள்: “தள்ளி வா நைனா. இது பின்னாலயும் வரும்.” சிலர் சிரிப்பார்கள். சிலர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு தடவை பட்டவர்கள் மட்டும் பேசாமல் ஒதுங்கிக்கொள்வார்கள்.

கச்சேரி ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய தையல் கடை. பரதநாட்டிய உடைகள் மட்டும்தான் தைப்பாள். மயிலாப்பூரில் ஆடுகிற பெண்களில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். போன வருஷத்து அளவும் ஞாபகம் இருக்கும் என்பதால் அம்மாக்கள் அவளிடம் கொஞ்சம் அடக்கமாகவே பேசுவார்கள். உடையின் விசிறி மடிப்பு ஆட்டோவில் போனால் கசங்கிவிடும். அதற்காகத்தான் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட்டக் கற்று, தானே கியர் மாற்றிக்கொள்ளும் சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். பின் சீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கம்பி. அதில் உடைகள் தொங்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, தலையில்லாத நாட்டியக்காரிகள் நாலு பேர் கச்சேரிக்குப் போவதுபோல் தெரியும்.

காரின் வியாதி எளிமையானது. உள்ளே சூடேறி, வண்டி மேடு ஏறும்போது கியர் நழுவி நியூட்ரலில் விழுந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் உறுமுமே தவிர நகராது. அப்புறம் நகரும், பின்பக்கமாக. காலை வேளையில் வராது. சமதளத்தில் வராது. சர்வீஸ் சென்டரில் வரவே வராது.

சர்வீஸ் மேனேஜர் ஸ்ரீகிருஷ்ணா மரியாதையான பையன். வெயில் ஏறுவதற்கு முன் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் எதுவும் காட்டவில்லை, வண்டி ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பான். கடைசியில் ஒரு நாள், மேடத்தின் ஓட்டும் பழக்கத்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், வாரண்ட்டியும் முடிந்துவிட்டது, கைக்காசு போட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று மென்மையாகச் சொன்னான்.

“இந்த வண்டில கிளட்ச் பெடலே கெடையாதே நைனா,” என்றாள் ஜஹீதா. “இல்லாதத நான் எந்தக் காலால மிதிச்சேன்?”

தம்பி இனாயத் பழைய கார் வாங்கி விற்கிறவன். அவன் யோசனை சுருக்கமானது: மார்கழி வரட்டும், விடியற்காலையில் ஆளைக் கூட்டி வந்து காட்டி விற்றுவிடலாம். அந்தக் குளிரில் ஒன்றும் தெரியாது. ஜஹீதாவுக்கும் சபலம் தட்டாமல் இல்லை. ஆனால் வாங்குகிறவள் சித்திரையில் பாலம் ஏறுவாளே என்று நினைத்தபோது அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அப்படியே பைக்காரர்களை எச்சரித்தும், வெயில் ஏறினால் பாலத்தைச் சுற்றிக்கொண்டும் காலத்தை ஓட்டியிருப்பாள். அவள் உடை தைத்துக்கொடுத்த வர்ஷினியின் அரங்கேற்றத்தன்றுதான் வினை வந்தது. சாயங்காலம், நேரமாகிவிட்டதே என்று பாலத்தில் ஏறினாள். பாதி மேட்டில் வண்டி விட்டுவிட்டது. பின்னால் வந்த தண்ணி லாரி பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. போலீஸ்காரர் வந்து, நாலு பேர் தள்ளி, ஓரங்கட்டிவிட்டார்கள். ஜஹீதா உடையை ஹேங்கரோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவே பாலத்திலிருந்து இறங்கி சபாவுக்கு நடந்தாள். மேடை ஏறத் தாமதமானது. வர்ஷினியின் அம்மா கோபப்படவில்லை. ஒரு டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று மட்டும் அன்பாகச் சொன்னாள். லாரிக்குப் பயப்படாதவளுக்கு அந்த அன்பு சுருக்கென்று தைத்தது.

மறுநாளிலிருந்து சிக்னலில் அதே மாதிரிக் கார் நின்றால் இறங்கிப்போய் அதன் ஜன்னலைத் தட்ட ஆரம்பித்தாள். “மேட்டுல நின்னுக்குதா?” என்பது அவள் கேள்வி. நன்கொடைக்கு வந்தவள் என்று நினைத்துச் சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். லஸ் சிக்னலில் அகப்பட்டவர் சந்திரமௌலி, வடக்கு மாட வீதிக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் பிடிபட்ட குற்றவாளியின் முகம்போல் ஆகிவிட்டது. தி. நகர் போவதற்கு ஒரு பாலம்கூட இல்லாத வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“ஆத்துல கேக்கறா, ஏன் ஊரெல்லாம் சுத்திண்டு போறேள்னு. மரமெல்லாம் பாத்துண்டு போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார்.

இப்படிச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டானது. பெயர் ‘பின்னால வராதீங்க’. நோயாளிகள் சங்கம் மாதிரிதான். யாருக்கு எந்தப் பாலத்தில் வந்தது என்பதே தினப்படிப் பேச்சு.

கம்பெனியின் மண்டல அதிகாரி ராஜரத்தினம் ஷோரூமுக்கு வருகிறார் என்று தெரிந்த நாளில், ஜஹீதா உச்சி வெயிலில் மாட வீதிகளை ஊர்ந்து ஊர்ந்து சுற்றி, வண்டியைப் பதமாக வேகவைத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினாள். சாட்சிக்குப் பின் சீட்டில் சந்திரமௌலி. ராஜரத்தினம் குறையைப் பாதிதான் கேட்டார். பெண்கள் பொதுவாகவே ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிப்பார்கள், வாருங்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். அவர் வாக்கியம் முடிவதற்குள் சாவி அவர் கையில் இருந்தது.

பாலத்தின் அடிவாரம் வரை பாடம் நடந்தது. பாதத்தை எப்படி வைக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டே ஏறினார். நடு மேட்டில் எஞ்சின் உறுமியது. அவர் இன்னும் மிதித்தார். இன்னும் உறுமியது. பிறகு சாலையோரச் சுவர் மெதுவாக முன்னோக்கிப் போக ஆரம்பித்தது. சந்திரமௌலி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகத்தை நடுவிலிருந்து தொடங்கினார். பிரேக் என்று ஒன்று இருப்பதே ராஜரத்தினத்துக்கு மறந்துபோயிற்று. பக்கத்து சீட்டிலிருந்து ஜஹீதா ஹேண்ட்பிரேக்கை இழுத்த இழுப்பில் வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்து, ராஜரத்தினத்தின் ஓட்டும் பழக்கத்தைப் பற்றியும், அவரை வளர்த்தவர்களைப் பற்றியும் நிதானமாகக் கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் ராஜரத்தினம் ஸ்டியரிங்கை விடவில்லை. இந்தத் தருணத்துக்காகக் குழுவில் ஜஹீதா எத்தனையோ வசனம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள். அவளும் அப்படி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுண்டு, யாருக்கும் காட்டியதில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

அந்த வாரமே ஸ்ரீகிருஷ்ணா போன் செய்தான். மேடத்துக்கு மட்டும் முழுக்க இலவசமாகக் கியர் பகுதியை மாற்றித் தருகிறோம், வெளியே பேசமாட்டேன் என்று ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றான். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பி நிறைய உடைகள் காத்திருந்தன. ஜஹீதா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“மௌலி சாருக்கு?”

அவர் கேஸ் வேறு என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

“இன்னா வேற? அதே வண்டி, அதே வியாதி. எனக்கு மட்டும் பண்ணா அது பிச்ச நைனா. எல்லாருக்கும் பண்ணா அதுக்குப் பேரு ரிப்பேரு.”

போனை வைத்த பிறகு, அவசரப்பட்டுவிட்டோமோ என்ற நினைப்பிலேயே இருந்தாள். கையில் இருந்த ஜரிகைக் கரையைத் தப்பாக வெட்டினாள். அவள் தொழிலில் அது அபூர்வம்.

அதன் பிறகு கொக்கி தைக்கிற வேலையை ஷோரூம் சோபாவுக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே ஏசி நன்றாக இருக்கும், காபியும் தருவார்கள். வாடிக்கையாளரை எழுந்து போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவளாக யாரிடமும் எதுவும் பேசமாட்டாள். கார் வாங்க வந்தவர்கள் மடியில் இருந்த பட்டைப் பார்த்து வியந்து, பேச்சுக்கொடுத்து, உங்கள் வண்டி எப்படி என்று கேட்டால் மட்டும், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவள் வராத நாட்களில் சந்திரமௌலி பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். விற்பனை ஆட்களின் முகத்தில் களை போய்விட்டது.

கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. குறை என்ற வார்த்தை எங்கேயும் வராமல், ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சித் திருவிழா’ என்று பேனர் கட்டி, அந்த மாடல் கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கியர் பகுதியை இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற ஜஹீதாவையே கூப்பிட்டார்கள். ஏற்றினாள். ராஜரத்தினம் பூங்கொத்து கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்தார். சந்திரமௌலி வண்டியை வாங்கிக்கொண்டு நேரே பாலத்துக்குப் போய், ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, குழுவில் எழுதினார்: மரங்களை இனி நடந்துபோய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜஹீதா தன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் அதே காரின் புது மாடல் டெஸ்ட் டிரைவுக்குத் தயாராக நின்றது. புதுக் கல்யாண ஜோடி ஒன்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்பனைப் பெண் பூஜா மேடே இல்லாத நேர் ரோட்டைக் காட்டி, அப்படியே போய்விட்டு வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மணப்பெண் ஜஹீதாவின் கையில் இருந்த பூங்கொத்தைப் பார்த்துவிட்டு, இந்த வண்டி நல்ல வண்டியா ஆன்ட்டி என்று கேட்டாள். பூஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“மாட வீதியச் சுத்திக்கினு பாலத்துக்கு விடு,” என்றாள் ஜஹீதா. “மொதல்ல சூடாவட்டும்.”

பூங்கொத்தை பூஜாவிடம் கொடுத்தாள். புது வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி, நடுவில் வசதியாக உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.